இலத்தூரில் உப்பளம் இல்லை

அனுப்புநர்:
சு. குற்றாலிங்கம்,
விடுதி மேலாளர் (ஓய்வு),
மேலத்தெரு, இலத்தூர்.

பெறுநர்:
உயர்திரு முகாம் அலுவலர் அவர்கள்,
பயிர்க் கணக்குத் திருத்த முகாம், இலத்தூர்.

பொருள்: என் அக்காள் மகள் இ. மாரிச்செல்வியின் திராட்சைத் தோட்டம் பயிர்க் கணக்கில் 'உப்பளம்' என்று ஏறியிருப்பதைத் திருத்தக் கோருதல் – குற்றவாளியே மனு செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

தங்கள் பேனாவுக்கு முதல் வணக்கம். தங்களுக்கு அடுத்த வணக்கம்.

1. மேற்படி மாரிச்செல்வி அறுபது சென்ட் நிலத்தில் கல்தூண் நட்டு, கம்பிப் பந்தல் போட்டு, ஆறு வருடமாகப் பன்னீர் திராட்சை வளர்க்கிறாள். பக்கத்தில் குற்றாலத்தில் உலகத்துத் தண்ணீரெல்லாம் தலைகீழாகக் கொட்டுகிறது. இவள் போர்வெல்லில் மட்டும் வங்காள விரிகுடா வருகிறது. இலை ஓரமெல்லாம் இஸ்திரிப் பெட்டி வைத்தாற்போல் கருகும். மண்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

2. அவள் அசரவில்லை. ஜிப்சம் போட்டாள். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்குமுன் மண்ணில் மடக்கினாள். சாரலில் விழும் ஒவ்வொரு சொட்டையும் பண்ணைக்குட்டையில் பிடித்து, அந்த நல்ல தண்ணீரை நிறுத்திப் பாய்ச்சி, வேர்க்காலில் உள்ள உப்பைக் கீழே இறக்குகிறாள். எங்கள் அக்காள் இவளைக்கூட இத்தனை முறை குளிப்பாட்டியதில்லை.

3. கடந்த ஜூன் 12 அன்று, இலையும் கிளையும் கழித்துக் கவாத்து செய்த மறுநாள், பந்தலில் மொட்டைக் குச்சிகளும் தரையில் உப்பும்தான் இருந்தன. கைபேசியில் பயிர்க் கணக்கெடுக்க வந்த வெளியூர்ப் பெண் செல்வி தேஜஸ்வினி, "அங்கிள், இது என்ன பயிர்?" என்று கேட்டார். மாரிச்செல்வி மோட்டார் அறையில் இருந்தாள். வரப்பில் நின்றது நான். "பயிரா? இது உப்பளம்லா தாயி! தூத்துக்குடிக்கே இங்கன இருந்துதான் லோடு போகுது" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தரையைப் படம் பிடித்தார். "தேங்க்ஸ் அங்கிள்" என்று சொல்லி, கைபேசியில் தட்டிக்கொண்டே போய்விட்டார். அவர்மேல் எள்ளளவும் தவறில்லை. முப்பத்தைந்து வருடம் விடுதிக் கவுண்டரில் உட்கார்ந்து, "அருவி இந்தச் சுவத்துக்குப் பின்னாலதான் சார் விழுது" என்று அறை கொடுத்த வாய் இது. என் பேச்சை முழுதாக நம்பிய முதல் ஆள் அவர்தான்.

4. உப்பில் பட்டுப்போன பதினேழு திராட்சைத் தூர்களின் இடத்தில், டாக்ரிட்ஜ் என்னும் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றுகளை வைக்க மாரிச்செல்வி காத்திருக்கிறாள். அது உப்புத் தண்ணீரை மோர்போல் குடித்துவிட்டுக் காய்க்குமாம். கணக்கில் 'திராட்சை' என்று இருப்பவர்களுக்கே தோட்டக்கலை அலுவலகத்தில் கன்று கொடுக்கிறார்கள். பட்டியல் ஜூலை 25 அன்று மூடுகிறது. உப்பளத்துக்குத் திராட்சைக் கன்று கொடுக்க விதியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

5. விஷயம் தெரிந்தும் அவள் சண்டை போடவில்லை. எனக்குச் சாப்பாடு அவள் வீட்டில்தான். அன்று சாம்பாரில் உப்பில்லை. கேட்டேன். "அதான் சொந்தமா உப்பளம் வச்சிருக்கியள்லா மாமா, அங்கன போய்த் தொட்டுக்கிடுங்க" என்றாள். மூன்று வாரமாக ரசத்திலும் இல்லை. என் இரத்த அழுத்தம் பச்சைக் குழந்தையுடையதுபோல் ஆகிவிட்டது.

அதைக்கூடப் பொறுப்பேன், அய்யா. நேற்றுக் காலை அவள் ஒரு பட்ட தூரின் பட்டையை நகத்தால் கீறி, பச்சை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. எழுந்து அடுத்த தூருக்குப் போனாள். நான் வரப்பிலேயே நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்து இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே, தாங்கள் நேரில் வந்து, இப்போது பந்தலில் துளிர்த்திருக்கும் இலைகளைக் கண்ணால் பார்த்து, 25ஆம் தேதிக்குமுன் 'திராட்சை' என்று திருத்தித் தர வேண்டுகிறேன். 'தகவல் சொன்னவர் பொய்யர்' என்று குறிப்பு எழுதினாலும் ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு விண்ணப்பம்: என்னிடம் எதையும் கேட்க வேண்டாம், அவளிடம் கேளுங்கள்.

இடம்: இலத்தூர்
நாள்: 14.07.2025

இங்ஙனம் தலைகுனிந்து,
சு. குற்றாலிங்கம்

நில உரிமையாளர் குறிப்பு: மனுவைப் படித்துப் பார்த்தேன். சம்மதம். மாமாவைப் பொய்யர் என்று எழுத வேண்டாம். தாங்கள் பார்வையிட வரும்போது அவரும் என்னுடன் இருப்பார். பேச மாட்டார்.
– இ. மாரிச்செல்வி