கல்லில் முளைத்த பழுப்புப் பொத்தான்கள்

குடவாசல்
3.3.2025, திங்கள்

குந்தவையின் அப்பாவுக்கு,

நானும் குழந்தையும் நலம். நீங்கள் சிறைக்குப் போன இந்த ஐந்து மாதத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். என் தம்பி செழியனின் தொட்டிக்காக எழுதுகிறேன். அவன் செத்த வண்டியை ஓட்டியவரிடமே அவன் தொட்டியைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது.

கடல்மீன் தொட்டிக்குள் என்னென்னவோ முளைத்திருக்கிறது. கண்ணாடி மாதிரி ஒன்று, தண்டும் தலையில் மயிருமாக. ஆள் நிழல் பட்டாலே சுருக்கென்று ஓட்டைக்குள் போய்விடுகிறது. அதுகூடப் பரவாயில்லை. பெரிய கல்லில் இன்னொன்று. சட்டைப் பொத்தான் அளவில், பழுப்பாக, நெருக்கி நெருக்கி. ஒவ்வொன்றின் விளிம்பிலும் சின்னச் சின்ன இழை. விளக்குப் போட்டால் விரிகிறது, அணைத்தால் கூம்பிக்கொள்கிறது. கரண்டிக் காம்பால் தொட்டேன், சளி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. போன மாதம் ஒரு கைப்பிடி இருந்தது. இப்போது பாதிக் கல்லை மூடிவிட்டது.

செழியன் விட்ட இரண்டு ஆரஞ்சு மீனில் ஒன்று போன வாரம் செத்துப்போனது. மற்றது மூலையிலேயே நிற்கிறது, தீனி எடுக்கவில்லை. அவன் கையால் வளர்த்ததில் மிச்சம் அது ஒன்றுதான்.

கும்பகோணத்தில் ஒரு வண்ணமீன் கடையில் படத்தைக் காட்டினேன். “பாசி மாதிரிதாம்மா இருக்கு. கல்ல வெளிய எடுத்து நல்லா கொதிக்க வச்சிடுங்க, எல்லாம் செத்துடும்” என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தத் தொட்டியைப் பற்றித் தெரிந்தவர் இனி நீங்கள் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன். பதில் வராவிட்டால் அவர் சொன்னதைச் செய்துவிடுவேன்.

சம்பா அறுப்பு முடிந்தது. உளுந்து காய் பிடித்திருக்கிறது. குழந்தை உங்களைக் கேட்கிறாள்.

சுடர்விழி


திருச்சி சிறை
7.3.2025, வெள்ளி

அன்புள்ள சுடருக்கு,

கல்லைக் கொதிக்க வைக்காதே. இந்தக் கடிதத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படி.

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. கண்ணாடி மாதிரி இருப்பதை விட்டுவிடு, அதனால் நமக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பொத்தான்கள் பாசி இல்லை. அவை உயிருள்ள பிராணிகள், பவளப் பூச்சிகளுக்கு உறவு. அந்த வகையில் சிலதுக்கு உடம்பு முழுக்க விஷம். கொதிக்க வைத்தால் விஷம் சாகாது, ஆவியில் ஏறி மூச்சுக்குள் போகும். செழியன் அந்தக் கல்லை வாங்கிய அன்றே சொன்னான், “மாமா, இது பக்கத்துல வெறுங்கையோட போயிடாதீங்க” என்று. அப்போது பின்பக்கத்தில் நாலைந்துதான் இருந்தன. சிறைக்குக் கிளம்பும்போது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நாம்தான் பேசிக்கொள்ளவே இல்லையே.

சுரண்டாதே. கல்லை வெளியே எடுக்காதே. குந்தவையை அந்தப் பக்கம் விடாதே.

இங்கிருந்து உனக்கு மூன்று முறை போன் செய்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. இந்த எண் என்றால் எடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை எடு.

உன் ராஜராஜன்


திருச்சி சிறை
9.3.2025, ஞாயிறு

அன்புள்ள சுடருக்கு,

என் கடிதம் வந்ததா? நேற்றும் அழைத்தேன். இன்று காலை பத்து மணிக்கும் அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உன்னையும் வக்கீலையும் தவிர வேறு யாருக்கும் நான் இங்கிருந்து பேச முடியாது. வக்கீல் போன் அணைந்து கிடக்கிறது. வார்டரிடம் கெஞ்சினேன். “நாளைக்கு ஆபீஸ்ல சொல்றேன்யா, இன்னிக்கு ஞாயித்துக்கிழம” என்றார். இன்றைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை என்பதுதானே என் பயமே.

உட்கார முடியவில்லை. ஒன்றை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். குறுக்கே மாடு வந்தது என்று கோர்ட்டில் சொன்னேன், உன் அம்மாவிடமும் சொன்னேன். மாடு எதுவும் வரவில்லை, சுடர். நாகப்பட்டினத்தில் தொட்டிக்காகக் கடல்தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது செழியன் இரண்டு தடவை கேட்டான், “உங்களுக்குக் கண்ணு சொருகுது மாமா, குடுங்க, நான் ஓட்டுறேன்” என்று. இதோ வந்துவிட்டோம் என்றேன். தூங்கிவிட்டேன். விடிந்து வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. சாலையில் ஒருவரும் இல்லை.

உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது.

ராஜராஜன்


தஞ்சாவூர்
18.3.2025, செவ்வாய்

குந்தவையின் அப்பாவுக்கு,

குழந்தை பிழைத்துவிட்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஞாயிறு காலை நீங்கள் அழைத்தபோது கல் அடுப்பில் இருந்தது. உங்கள் எண்ணைப் பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ராத்திரி கொசுவுக்காகச் சாத்திய ஜன்னலைத் திறக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் வாயெல்லாம் கசந்தது, நெஞ்சு இறுகியது. குந்தவை அடுக்களை வாசலில் நின்று, “அம்மா, தொண்ட எரியுதும்மா” என்றாள். மத்தியானத்துக்குள் இரண்டு பேருக்கும் காய்ச்சல், நடுக்கம். அவளுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. பக்கத்து வீட்டு மேகலா அக்காதான் ஆம்புலன்சுக்குச் சொன்னது. இங்கே ஆஸ்பத்திரியில் மூன்று நாள் என்னென்னவோ டெஸ்ட் எடுத்தார்கள். கல்லைப் பற்றிச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. பாசியைக் கொதிக்க வைத்ததாகத்தானே நினைத்திருந்தேன்.

புதன்கிழமை மேகலா அக்கா உங்கள் கடிதம் இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தது. முதல் கடிதத்தை டாக்டரம்மாவிடம் நீட்டினேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். யார் யாருக்கோ போன் போட்டார். மருந்தை மாற்றினார். பிறகு வந்து, “இத எழுதுனது யாரும்மா, இதப் பத்திப் படிச்சவரா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. லோடு வண்டி ஓட்டுறவரு. பாப்பாவோட அப்பா.”

நேற்று ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். இன்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். எனக்கு இன்னும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மீன் செத்துவிட்டதாம். தொட்டியை எப்படிக் காலி செய்வது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது கடிதத்தையும் படித்தேன். வார்டில் எல்லாரும் பார்க்க அழுதேன். அவன் இரண்டு தடவை கேட்டிருக்கிறான். அதை நான் எப்படித் தாங்குவேன்? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் விடவும் மாட்டேன்.

உங்களை மன்னிக்க எனக்கு வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை. ஆனால் என் கையால் என் பிள்ளையைக் கொன்றிருப்பேன். அதற்குப் பிறகு உங்களைப் பழையபடி குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

குந்தவைக்கு உங்களைப் பார்க்க வேண்டுமாம். நடக்கத் தெம்பு வந்ததும் மனுப் போட்டுக் கூட்டி வருகிறேன். மேகலா அக்கா அவளை உள்ளே அழைத்து வரும். நான் வெளியே நிற்பேன்.

சுடர்விழி