மிஞ்சிய பதினான்கு விநாடி

உன் கேசட் பெட்டியைத் திறந்ததும் தைல வாசனைதான் முதலில் வந்தது. எடிட்டிங் அறைக் குளிருக்கு நெற்றியில் தேய்த்துக்கொள்வாயே, அதே தைலம். உன் கருமாதி முடிந்த மறுநாள் உன் தங்கை அதை என் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "உங்ககிட்டதான் கொடுக்கணும்னு அக்கா சொன்னாங்க. என்னன்னு தெரியல," என்றாள். மேலே ஒட்டிய தாளில் உன் கோணல் எழுத்து: ஐம்பத்து நான்கு விநாடி. எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான்கு நாள் அதைத் தொடவில்லை.

நம் டிவி நிலையத்துத் தமிழ்ச் செய்திப் பிரிவில் வேலை எப்படி நடந்தது என்று இப்போது யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். மலாய்ச் செய்திக்கு வெட்டிய படம்தான் நமக்கும் வரும். மலாயில் நாற்பது விநாடியில் முடிவது நான் மொழிபெயர்த்தால் ஐம்பதைத் தாண்டும். படம் முடிந்த பிறகு வெறும் திரையில் குரல் மட்டும் ஓட முடியாது. ஆகவே பழைய நாடாக்களில் எதையாவது தேடி எடுத்து நீ ஒட்டுப் போடுவாய். வெள்ளத்துக்கு வேறொரு வெள்ளம், காய்கறிப் பாசாருக்கு வேறொரு பாசார். "படம் தீந்துபோச்சு, உன் தமிழ் இன்னும் தீரலையேடி," என்று கேலி செய்வாய். நான் வெறும் மொழிபெயர்ப்பாளர். ஆனால் எழுத்தாளர் என்ற நினைப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது எனக்கு.

ஐந்தாம் நாள் கேசட்டைப் போட்டேன். கிள்ளான் கொலைச் செய்தி. பூட்டிய இரும்பு கேட். போலீஸ் ஜீப். துணி போர்த்திய ஸ்ட்ரெச்சர். ஓர் அதிகாரி பேசுகிறார். வாய் அசைகிறது, மேலே நம் வாசிப்பாளரின் குரல். வீட்டுக்குள் ஒரு பெண் கொல்லப்பட்டாள், ஓர் ஆணைத் தேடுகிறார்கள். போலீஸ் சொன்னது அவ்வளவுதான். அதோடு நாற்பது விநாடி முடிந்தது. நாற்பத்தோராவது விநாடியில் வேறொருவர் வருகிறார்.

தண்ணீர் வெட்டுச் செய்திக்காக முந்தைய மாதம் எடுத்த படம் அது. கிள்ளானில் ஒரு வரிசை வீடு. பனியன் போட்ட ஒருவர் இரண்டு வாளியோடு வருகிறார், கேமராவை ஒரு முறை பார்க்கிறார், உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறார். நாடாப் பெட்டியில் 'கிள்ளான், வீடுகள்' என்று எழுதியிருந்தது. அவசரத்தில் அது போதும் என்று எடுத்தாய்.

எடுப்பதற்கு முன்னால் என் மேசைக்கு வந்தாய். "அந்தக் கடைசி வரிய எடுத்துடு. எங்கிட்ட படம் இல்ல," என்றாய். "அந்த வரிதாண்டி செய்திக்கு உயிரு," என்றேன் நான்.

படத்தில் வந்தவர் லோரி ஓட்டுபவர். பார்த்தவர்கள் போலீஸ் தேடுவது அவரைத்தான் என்று நினைத்துவிட்டார்கள். அந்த வாரமே முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். மாமனார் வந்து மனைவியையும் பிள்ளைகளையும் பந்திங்கில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். பஸ் நிலையத்தில் நாலு பேர் சேர்ந்து அடித்ததில் இடது காது கேட்காமல் போனது. நெற்றியில் தையலோடு நம் அலுவலக வாசலுக்கு வந்து, "அண்ணே, என் படத்த யாரு போட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க," என்று காவலரிடம் கெஞ்சிக்கொண்டு நின்றார். உண்மையான கொலைகாரன் பிடிபட்டபோது அதைச் சொல்ல நமக்குப் பத்து விநாடி போதுமாக இருந்தது. அதில் இவரைப் பற்றி ஒன்றும் இல்லை.

அலுவலக விசாரணையில், படத்தைப் போட்டது யார் என்றுதான் கேட்டார்கள். "நான்தான் சார். என் தப்புதான்," என்றாய். வரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கீழ்த்தளத்து நாடாக் கிடங்குக்கு மாற்றினார்கள். நோய் வந்து படுக்கும்வரை அங்கேதான் இருந்தாய்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு டின்னோடு அந்த லோரிக்காரர் வீட்டுக்குப் போனாய். "நீயும் வாயேன்," என்று கூப்பிடுவாய். வேலை இருக்கிறது என்பேன். எனக்கு என்ன வேலை இருந்தது என்று நீ ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

அந்தப் பதினான்கு விநாடியை மறுபடி ஓட்டி, முதலில் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு மனிதர் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறார், அவ்வளவுதான். பிறகு சத்தம் வைத்தேன். "அக்கம்பக்கத்தாரோடு சிரித்துப் பழகிய ஒருவனே இந்தக் கொடூரத்தைச் செய்திருப்பான் என அப்பகுதி மக்கள் அஞ்சுகின்றனர்." அந்த மக்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. மலாய்ச் செய்தியில் அது இல்லை. நானாகச் சேர்த்தது. அந்த வரி ஓடும்போது அவர் கேமராவைப் பார்க்கிறார். 'கொடூரம்' என்ற இடத்தில் கதவு மூடுகிறது. உன் படம் ஒன்றும் செய்யவில்லை. என் வரிதான் அவரைக் கொலைகாரனாக்கியது. இது எனக்கு முன்பே தெரியாதா? தெரியும். தெரியாதவளாக இருந்து பழகிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். அவர் மனைவி திரும்பி வரவே இல்லையாம், தனியாகத்தான் இருக்கிறார். நீ இறந்ததைச் சொன்னதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது காதுப் பக்கமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரி என்னுடையது, எடுத்துவிடு என்று நீ கேட்டாய், நான் மறுத்தேன், இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு இல்லை என்று தலையாட்டினார்.

"இல்லக்கா. மொத நாளே அவங்க இந்த வாசல்ல நின்னு, எல்லாம் என் தப்புன்னு அழுதாங்க. வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்லன்னு சொன்னாங்க. அவங்க எங்கிட்ட பொய் சொல்ல மாட்டாங்க."

"உண்மையாத்தான் சொல்றேன்," என்றேன்.

"செத்துப்போன கூட்டாளி பேரக் காப்பாத்தணும்னு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. நல்ல மனசுக்கா உங்களுக்கு. தே குடிங்க லா, ஆறிடும்."

மூலையில் டிவியும் வீடியோவும் இருந்தன. கேசட்டைப் போட்டுக் காட்டினால் நம்பியிருப்பார். ஆனால் அவரை உட்காரவைத்து, அந்தப் பனியனோடு அந்த வாளிகளோடு என் வரிக்குக் கீழே இன்னொரு முறை நடக்கவைக்க வேண்டும். என்னால் முடியவில்லை. அந்தத் தேநீரைக் குடித்தேன். அவர் பஸ் நிறுத்தம்வரை வந்து வழியனுப்பினார். கேசட் இருந்த என் பையையும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.