மணம் பொருந்தாத பூவைப் பள்ளத்தில் கொட்டிய காவலனுக்கு

திரு நிலைபெறுக. மழை பிழையாது பெய்க. அலைவாய்க்கோட்டையில் வீற்றிருந்து முந்நீர் நாட்டைப் பதினோராம் ஆண்டாகப் புரக்கும் கோப்பெருமகள் ஆர்கலிநங்கை, கூகைமலைக் கோட்டத்துக் காவலனும், எம் தந்தைக்குக் கடைசி மகனும், எமக்கு ஒரே தம்பியுமாகிய செழுமானுக்கு எழுதுவித்த ஓலை. உன் கோட்டத்து மக்களும் மாடுகளும் நலமே வாழ்க. உன்னையும் வாழ்த்துகிறோம். ஓலையின் முகப்பில் வாழ்த்தில்லாமல் எழுத எம் எழுத்தன் மறுத்துவிட்டான்.

சென்ற இளவேனிலில் நீ எமக்கு விடுத்த நீண்ட ஓலை நினைவிருக்கும். உன் மலைச்சரிவில் விளையும் கஞ்சாப்பூவின் பிசினுக்குள் பலவகை நறுநெய்கள் ஒளிந்திருக்கின்றன என்றும், அவற்றுள் எது மேலோங்குகிறதோ அதற்கேற்ப மனம் ஒரு வழியில் நடக்கும் என்றும், ஆகவே இளவேனிலில் நாரத்தைத் தோலும் மாம்பூவும் மணக்கும் பூவையும், முதுவேனிலில் வெட்டிவேர் மணப்பதையும், காரில் ஈரமரமும் குங்கிலியமும் மணப்பதையும், முன்பனியில் மிளகும் கிராம்பும் மணப்பதையும் தெரிந்தெடுத்து நுகர்பவனே நாகரிகமுடையவன் என்றும் எழுதியிருந்தாய். இந்நுட்பத்தை உனக்குக் கற்பித்தவன், சுகந்தபூபதி என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டு உன் மாளிகையில் தங்கியுள்ள தைல வணிகன் என்றும் அறிந்தோம். பருவத்துக்கு ஒரு மணம், மணத்துக்கு ஒரு மனநிலை, மனநிலைக்கு ஒரு பட்டாடை! ஒரு கோட்டத்தை ஆள்பவனுக்கு இத்தனை ஓய்வு எங்கிருந்து வந்தது என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறோம். நீ அறியாததன்று, ஆயினும் பிறர் வாயால் கேட்டால் எப்படியிருக்கும் என்பதை நீ அறிய வேண்டும்.

கூகைமலையில் விளையும் கஞ்சா முதலில் அடிவாரத்து ஆதுலர்சாலைக்குச் சேர வேண்டும் என்பதும், நோயாளிகளுக்குப் போக எஞ்சியதே மாளிகைக்கு உரியது என்பதும் எம் பாட்டனார் வகுத்த முறை. அம்முறையை நீ தலைகீழாக்கினாய். ஆவணிக் கடைசியில் மலைக்குடிகள் முப்பது கூடைப் பூ கொண்டுவந்தனர். உன் வணிகன் கூடை கூடையாக மூக்கை நுழைத்துப் பார்த்து, இதில் மிளகின் காரம் மேலோங்கியிருக்கிறது, இது முன்பனிக்குரியது, கார்காலத்தில் இதை வீட்டுக்குள் வைப்பதே அபசாரம் என்றானாம். எடுத்து வைத்துப் பனிக்காலத்தில் கொடுக்கலாமே என்று குடிகள் கேட்டதற்கு, பழைய மணம் செத்த மணம் என்று மறுமொழி கூறினானாம். நீ தலையசைத்தாய். முப்பது கூடையும் மாளிகைக்குப் பின்னுள்ள பள்ளத்தில் கொட்டப்பட்டு மழையில் அழுகின.

அதற்கு ஆறாம் நாள் வெண்பாறையில் ஈரமண் சரிந்து பாறை உருண்டது. அங்கே கல் வெட்டிக்கொண்டிருந்தவருள் எழுவர் அகப்பட்டனர். அறுவருக்கு எலும்பு முறிவு. பூதன் என்னும் கல்தச்சனுக்கு வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போயிற்று. ஆதுலர்சாலைத் தலைமை மருத்துவச்சி நங்கைச்சாத்தி, காலை எடுத்தாலன்றி உயிர் தங்காது என்று கண்டு, மயக்கக் கஷாயம் காய்ச்சுவதற்கு இரண்டு கூடைப் பூ வேண்டி உனக்கு ஆள் விடுத்தாள். நீ விடுத்த மறுமொழி எம் கையில் இருக்கிறது. குங்கிலிய மணமுள்ள பூ இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை என்றும், பொருந்தா மணத்தை நோயாளிக்குக் கொடுத்து அவன் மனத்தைக் கெடுப்பது தகாது என்றும், பத்து நாள் பொறுத்திருக்கச் சொல்லுமாறும் அதில் எழுதியிருக்கிறது. எழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

பத்து நாள்! நசுங்கிய கால் பத்து நாள் பொறுக்குமா என்று உன் சபையில் ஒருவரும் கேட்கவில்லையா? கேட்டும் உன் செவியில் விழவில்லையா? மூக்கு விழித்திருக்கும்போது செவி உறங்கிவிடும் போலும்.

நங்கைச்சாத்தி காத்திருக்கவில்லை. இருந்த கள்ளைக் குடிக்கக் கொடுத்து, நால்வரைப் பிடிக்கச் சொல்லிக் காலை எடுத்தாள். பிறகு பூதனின் மனைவி வெள்ளச்சியையும் அழைத்துக்கொண்டு எட்டு நாள் நடந்து எம் வாயிலுக்கு வந்தாள். வெள்ளச்சி எம் சபையில் கூறியதை ஓலைநடையில் திருத்தாமல் சொன்னபடியே எழுதுக என்று எழுத்தனுக்குக் கட்டளையிட்டோம்.

"தலைய நாந்தான் மடியில வச்சு அமுக்கிப் புடிச்சிருந்தேன், தாயே. பாதியில என் மூஞ்சியப் பாத்து, 'இன்னும் எவ்ளோ இருக்கு?'ன்னு கேட்டாரு. முடிஞ்சு போச்சுன்னு பொய் சொன்னேன். முடியல. மறுபடி கேட்டாரு. மறுபடி பொய் சொன்னேன். அப்புறம் மூணு நாளு அவருக்குப் பேச்சே வரல. இப்போ பேசுறாரு. எங்கிட்ட மட்டும் பேச மாட்டேங்குறாரு."

மருத்துவச்சியை நோக்கி, பூ கிடைத்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று வினவினோம். எமக்கு இனிப்பாக ஒரு சொல் சொல்வாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர்.

"காலக் காப்பாத்தியிருக்க முடியாதும்மா. அத யாராலயும் முடியாது. ஆனா அறுக்குறது தெரிஞ்சுக்கிட்டே அவன் கெடந்திருக்க வேண்டியதில்ல. வாசனை பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். எந்தப் பூ தூங்க வைக்கும், எது நெஞ்சப் படபடன்னு அடிக்க வைக்கும்னு மோந்து பாத்துத்தான் நானும் பிரிக்கிறேன். ஆனா குடிச்சவன் என்ன சொன்னான்னு கேட்டுக் கேட்டுப் படிச்சது அது. நோவுக்கு ஏதும்மா பருவம்?"

இந்நேரத்தில், எம்மைப் பரவசப்படுத்தும் பொருட்டு நீ அனுப்பிவைத்த உன் சுகந்தபூபதியும் பன்னிரண்டு வெள்ளிச் சிமிழ்களுடன் வந்து சேர்ந்தான். நல்ல வேளை பார்த்து அனுப்பினாய். மருத்துவச்சி, வரும் வழியில் ஒரே செடியின் ஒரே கிளையில் பறித்து மடியில் வைத்திருந்த பூவை மூன்று கிண்ணத்தில் இட்டு அவன் முன் வைத்தாள். முதற்கிண்ணம் இளவேனில், துள்ளவைக்கும் என்றான். இரண்டாவது கார், இனிய துயரம் தரும் என்று கண்ணீரும் சிந்தினான். மூன்றாவது முன்பனி, கோழைக்கும் வீரம் வரும் என்றான். மூன்றும் ஒரு கிளை என்று உரைத்தபோது அவன் அஞ்சவுமில்லை.

"கிளை ஒண்ணுதாங்க. ஆனா கிண்ணம் மூணுதானே?" என்றான்.

சபை சிரித்தது. வெள்ளச்சி சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபின் யாமும் சிரிக்கவில்லை.

ஆயினும் ஒன்று கூற வேண்டும். மருத்துவச்சியின் மூட்டையில் ஒரு மருந்துவேர்ப் பொதி உள்ளே பூஞ்சை பிடித்திருந்ததை, கட்டவிழ்க்குமுன்னே அவன் கண்டு சொன்னான். அவள் நாற்பதாண்டு மூக்குக்கும் அது தப்பியிருந்தது. ஆதலால் அவனைச் சிறையில் இடாமல் தன்னிடம் தரும்படி வேண்டினாள், தந்தோம். இனி ஆதுலர்சாலைக் களஞ்சியத்தில் கெட்டதைக் கழிப்பது அவன் தொழில். அவன் பிதற்றலும் அவன் மூக்கும் வேறுவேறு. நல்ல மூக்கைக் கொண்டுபோய் வேண்டாத வேலையில் அமர்த்தியவன் நீ. உன்னிடம் எந்த உறுப்பு நன்றாக இருக்கிறது என்று மருத்துவச்சியைக் கேட்டோம். பார்க்காமல் சொல்ல இயலாது என்றாள்.

செழுமான், உன்னை இகழ்ந்து இவ்வளவு எழுதியபின் எம்மையும் இகழ்ந்தாக வேண்டும். உன் இளவேனில் ஓலை வந்த நாளில் அதைச் சபையில் உரக்கப் படிக்கச் செய்து, எம் தம்பி எத்துணை நயமாக எழுதுகிறான் என்று மகிழ்ந்தவர் யாம். உனக்குப் பட்டுப் போர்வையும் விடுத்தோம். ஆதுலர்சாலைக்கு எத்தனை கூடை போயிற்று என்று ஒரு சொல் கேட்கவில்லை. அப்பட்டைப் போர்த்திக்கொண்டுதான் நீ அக்கூடைகளைக் கொட்டச் சொன்னாயாம். இதை வெள்ளச்சியிடம் சபையறியக் கூறினோம். அவள் எம்மை மன்னித்ததாகச் சொல்லவில்லை. இனிமேல் அடிபட்டு வருகிறவர்களுக்காவது மருந்து இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, கணவனுக்குக் கஞ்சி வைக்க ஆளில்லை என்று புறப்பட்டுவிட்டாள். எம் பல்லக்கில் ஏற மறுத்து, வண்டியில் போகிறாள்.

ஆகவே ஆணையிடுகிறோம். கூகைமலைக் கஞ்சாத் தோட்டங்களும் களஞ்சியமும் இன்றுமுதல் நங்கைச்சாத்தியின் கைக்கீழ் அமைக. மலைக்குடிகள் இனி உன் வாயிலுக்கு வாராமல் நேரே ஆதுலர்சாலைக்குப் போகுக. காவலன் பட்டம் உனக்கு மறு ஆணை வரும்வரை இல்லை. நீ மாளிகையை விட்டிறங்கி ஆதுலர்சாலையில் தங்கி, பூதனுக்குப் புண் ஆறும்வரை நாள்தோறும் கட்டு மாற்றும்போது அவன் பக்கத்தில் இருப்பாயாக. அவன் பேசினால் கேள். வைதால் அதையும் கேள். அவன் போ என்றால் வாயிற்படியில் இரு. மன்னிப்புக் கேட்டு ஓலை எழுதாதே. உன் நடையழகில் எமக்கு இருந்த ஆசை தீர்ந்துவிட்டது.

இவ்வோலையைக் கொணர்ந்தவள் நங்கைச்சாத்தியே. நீ படித்துக்கொண்டிருக்கும் இப்போது அவள் உன் முன் நிற்கிறாள். எட்டு நாள் வந்த வழியே எட்டு நாள் திரும்பி நடந்தவள்; அவளை முதலில் அமரச் சொல். களஞ்சியத்தின் திறவுகோலை உன் கையாலேயே எடுத்து அவள் கையில் கொடு. அவள் உன்னை வணங்க மாட்டாள். வணங்க வேண்டா என்பதும் எம் ஆணை.

புரட்டாசித் திங்கள் இருபத்திரண்டாம் நாள், சபையறிய எழுதி, மகர முத்திரை இட்டோம். இது ஆர்கலிநங்கை கையெழுத்து.