கண் நீங்கலாக

மார்ச் 4
இன்று ஊசியில் நூல் கோக்கப் பதினோரு முறை. வலது கண்ணுக்குள் ரத்தக் கசிவு, ஏழு வருடச் சர்க்கரையின் வேலை. சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்கிறார் டாக்டர். கண் போனால் என் தையல் கடைக்குப் பூட்டுதான். தம்பி இன்சூரன்ஸ் ஏஜெண்ட், படிவம் கொண்டுவந்தான். நோய் உண்டா என்று கேட்ட இடத்தில் எல்லாம் எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். அளவெடுத்துப் பழகிய கைக்குக் குறைத்து எழுத வராது.
"ஏங்க்கா, கேட்டா அப்படியே எழுதிடுறதா?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

மார்ச் 19
பாலிசி கிடைத்துவிட்டது!

மார்ச் 20
இன்றுதான் முழுதாகப் படித்தேன். சர்க்கரையும் அதனால் வருவதும் நான்கு வருடத்துக்கு 'நீங்கலாக' என்று போட்டிருக்கிறது, அதற்கெல்லாம் பணம் தரமாட்டார்களாம். கண், சிறுநீரகம், இதயம், கால், நரம்பு, பல் ஈறு உட்பட.
"அப்ப என்னதான்டா மிச்சம்?"
"கீழ விழுந்து கை உடையலாம்ல? அதுக்கு உண்டுக்கா." ஆறுதல் சொல்கிறானாம்!

மார்ச் 22
ஆத்திரம் தாங்கவில்லை. சட்டைக்கு வெட்டுவதுபோல் பழுப்புத் தாளில் என் உடம்பை வரைந்து, நீங்கலானதையெல்லாம் கத்தரித்தேன். இரண்டு கையும் தோளும் மூக்கும் மிஞ்சின. மடித்துக் கம்பெனிக்கு அனுப்பினேன்: "இவ்வளவுக்கு மட்டும் பிரீமியம் போடவும்."

ஏப்ரல் 9
பதில்: "இணைத்துள்ள உருவம் தங்கள் புகைப்படத்துடன் ஒத்துப்போகவில்லை. நேரில் வரவும்."

ஏப்ரல் 11
போனேன். கவுண்டர் பெண் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.
"கண்ணக் காணோமே மேடம்?"
"நீங்கதாம்மா எடுத்தீங்க."
சிரிக்கவே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சீருடை தைக்கிற ஃபேக்டரில சேந்துடுங்க. வேலை செய்றவங்க எல்லாருக்கும் சேத்து ஒரே பாலிசி. அதுல நோய் கேக்க மாட்டோம்."
"மாட்டோம்னா? இதே கம்பெனியா?"
"இதே கவுண்டர்தான் மேடம்."

மே 2
சேர்ந்துவிட்டேன். சொந்தக் கடை வைத்திருந்தவள், நாள் முழுக்கக் காலர் மட்டும் தைக்கிறேன். பாலிசிப் படிவத்தில் பெயரும் பிறந்த தேதியும்தான் கேட்டார்கள். திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் காலி. இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை நாள் அலைய விட்டீங்க, பாவிகளா — அழுதுவிட்டேன்.

ஜூன் 14
அக்கா சொல்ல, தம்பி எழுதுகிறேன். ஃபேக்டரி பாலிசியிலேயே ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்வை தங்கும் என்கிறார் டாக்டர். நாளை கட்டுப் பிரிக்கிறார்கள்.
அக்கா தூங்கிவிட்டாள். இது அவள் சொல்லாதது. எனக்கும் மூன்று வருடமாகச் சர்க்கரை. என் படிவத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டேன். ஒரு வாரமாக இடது கண் மங்கல். சொன்னால் பொய் வெளிப்பட்டுப் பாலிசியே ரத்தாகும் என்று யாரிடமும் சொல்லவில்லை. கட்டுப் பிரித்ததும் அக்கா இந்த நோட்டைத்தான் எடுப்பாள். படிக்கட்டும்.