பிப்ரவரியில் காரணங்களுக்கு விடுமுறை

1998 ஜனவரி 29, வியாழன்

காலை உணவின்போது என் மனைவி ஒதிலியா ஓர் அறிவிப்பு செய்தாள். காலமான அவள் தங்கை விட்டுச்சென்ற மார் தெல் பிளாத்தா வீட்டில், கடலோரத்தில், இனி வாழப் போகிறாளாம். தனியாக.

“நீ வரணும்னும் சொல்லல, வரவேண்டாம்னும் சொல்லல.”

காரணம் கேட்டேன். “ஆசை” என்றாள்.

ஆசை ஒரு காரணமன்று. காரணம் தெரியாதவர்கள் அதற்கு இடும் பெயர். சுதந்திர விருப்பம் என ஒன்று இல்லை என்று பல்கலைக்கழக உளவியல் துறையில் ஓய்வுபெறும் வரை கற்பித்தவன் நான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் அறிவேன். செவ்வாய்க்கிழமைதோறும் மனப்பகுப்பாய்வாளர் டாக்டர் சுல்மானின் சாய்வுப்படுக்கையில் கிடந்து தன் குழந்தைப்பருவத்தைப் பேசிவிட்டு வருகிறாள். எங்கள் புவனோஸ் ஐரிஸில் மனப்பகுப்பாய்வாளர் இல்லாத குடும்பத்தைப் பார்த்து அண்டை வீட்டார் பரிதாபப்படுவார்கள்.

பிப்ரவரி 2, திங்கள்

வழக்கம்போல் பகுப்பாய்வாளர்கள் அனைவரும் ஒரே சமயத்தில் கோடை விடுமுறைக்குக் கிளம்பிவிட்டார்கள். மார்ச் வரை இந்நகரில் எவருக்கும் தாம் செய்வது ஏன் என்று தெரியாது. ரொட்டிக்கடை ஓராசியோ என்னிடம் முறையிட்டான்:

“என் டாக்டர் வர்ற வரைக்கும் பொண்டாட்டிகூட சண்டையே போடறதில்லன்னு இருக்கேன், புரொபசர். போட்டா யார்கிட்ட போய்ச் சொல்றது?”

எனக்கு இது நல்வாய்ப்பு. ஊக்கம் பெறாத நடத்தை அணைந்துவிடும். ஆய்வகத்தில் எத்தனையோ எலிகளிடம் பார்த்திருக்கிறேன். ஒதிலியாவின் ‘ஆசை’க்குத் தலையாட்ட இம்மாதம் சுல்மான் இல்லை. மறுபுறம், இந்நகரைப் பற்றி அவள் நல்லது கூறும்போதெல்லாம் சூடான பிறைரொட்டி ஒன்று அவள் முன் வைக்கப்படும்.

பிப்ரவரி 11, புதன்

“இந்த பால்கனியில காத்து நல்லாத்தான் வருது” என்றாள். ஓராசியோ கடைக்கு ஓடினேன். முறை பலனளிக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

ரொட்டிகளைப் பெரும்பாலும் உண்பவன் நான்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று மழை. பூங்காவைப் புகழ்ந்தாள், கடைக்குப் போய் வந்தேன். மூலைக் காபிக்கடையைப் புகழ்ந்தாள், மீண்டும் போனேன். நகராட்சியைப் புகழ்ந்தபோதுதான் ஐயம் பிறந்தது. நகராட்சியை எவரும் புகழ்வதில்லை.

“கிழவா, ஒரு வாரமா பாத்துட்டிருக்கேன். நான் வாயைத் திறந்தா நீ குடையைத் தூக்குற. எலிகூட ரெண்டு தடவை யோசிக்கும்.”

பதிலுரைக்கும் அளவுக்கு என் காலணிகள் காய்ந்திருக்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

சுல்மான் வெயிலில் கறுத்துத் திரும்பியிருக்கிறார். ஒதிலியா அவரிடம் போய், இனி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வந்து பெட்டியை அடுக்கினாள்.

“நான் போறது எங்கப்பாவைத் தேடித்தான்னு அவர் சொல்றார். ரொட்டி பத்தலைன்னு நீ சொல்ற. ரெண்டு பேரும் சேந்து ஒரு கட்டுரை எழுதிக்கோங்க. எனக்கு நாளன்னைக்கு பஸ்.”

மார்ச் 5, வியாழன்

பேருந்து நிலையத்தில், பேருந்தின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டாள்:

“ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் போகக் கூடாதுன்னு உனக்கு இருக்கா?”

நீண்டகாலப் பழக்கம் திடீரெனத் துண்டிக்கப்படும்போது, இவ்வயதில், அத்தகைய எதிர்வினை தோன்றுவது இயல்பே என்று தொடங்கினேன்.

“இருக்கா, இல்லையா?”

இரண்டாவது காரணத்துக்கு வந்திருந்தேன். கதவு மூடிவிட்டது.

என்னத்தப் பேசித் தொலைச்சேன் — இருக்குன்னு ஒரு வார்த்தை. வாய்ல என்ன இருந்துச்சு?

மார்ச் 6, வெள்ளி

நேற்றைய வாதத்தை மறுபரிசீலனை செய்தேன். அதில் பிழை ஏதுமில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மூலைக் காபிக்கடையில் சுல்மான். இந்நேரத்தில் முன்பு ஒதிலியா அவர் சாய்வுப்படுக்கையில் இருப்பாள். இருவருக்கும் அது தெரியும். நான் அவளிடம் போகாமலிருப்பது என் தாயின் மேலுள்ள அச்சத்தால் என்றார். அவர் அப்படிச் சொல்வது, அதைச் சொல்லியே சம்பாதித்துப் பழகியதால் என்றேன். ஒருவரையொருவர் முழுமையாக விளக்கி முடித்தோம். காபி ஆறியது. எழுந்து போக இருவருக்கும் வேறு இடமில்லை.

“போய்ப் பாக்கலாம்ல?” என்றார் கடைசியில்.

“எதனால்?” என்றேன்.

காரணம் எதுவும் கூறாமல் என் காபிக்கும் பணம் வைத்தார். முதன்முறையாக.

ஏப்ரல் 4, சனி

மார் தெல் பிளாத்தா. தென்காற்று, இடைவிடாத மழை. ஒதிலியா கதவைத் திறக்கச் சற்று நேரமானது.

“என்ன காரணத்தால வந்தீங்க, புரொபசர்?”

பேருந்தில் வரும்போது நான்கு காரணங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். நான்கும் சரியானவை.

“தெரியல” என்றேன்.

இவ்விடைக்கு நான் மாணவர்களுக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன். அவள் என் கையிலிருந்த பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். கதவை மூடவில்லை.