காயாத வர்ணம்

அன்புள்ள அம்மாவுக்கு, ஜெனட் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி எப்படி இருக்கு? மலையில போன் லைன் சரியா கிடைக்கல, அதான் கடிதம்.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீங்க. செவ்வாய்க்கிழமை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சமச்சீர் பாடம். தாளோட ஒரு பாதியில வர்ணம் பூசி, ஈரத்தோட மடிச்சுப் பிரிச்சா மறுபாதியிலும் அதே பூ வரும். பூசிக்கிட்டு இருக்கும்போதே எஸ்டேட்டுல கணக்கு எழுதுற கிராணி ஓடிவந்து, தேயிலைக் கொழுந்து வெட்டுற சரிவுல மண்ணு சரிஞ்சிடுச்சுன்னார். பிள்ளைகள் காதுலயும் விழுந்துடுச்சு. அதுல விக்னேஸ்வரிங்கிற பிள்ளையோட அம்மாவுக்கு அன்னைக்கு அங்கதான் வேலை.

மத்த பிள்ளைகள் மடிச்சாங்க. அவ மட்டும், "எங்கம்மா வந்துதான் மடிக்கணும் டீச்சர்"னு தாளை விடல.

வர்ணம் காய்ஞ்சா மறுபக்கம் ஒட்டாது. ரெண்டு மணி நேரம் விரலால தண்ணி தொட்டுத் தொட்டு அதுமேல தெளிச்சுக்கிட்டே இருந்தேன்.

ஒரு மணிக்கு வேலையாட்களை ஏத்திக்கிட்டு லோரி வந்துச்சு. எல்லாரும் பத்திரம். அவ அம்மா சேத்துக் கையோட வந்து மடிச்சாங்க. பிரிச்சா, பூவோட ஒரு பக்கம் மட்டும் சேத்துக் கட்டைவிரல் பதிஞ்சிருந்துச்சு.

"அந்தப் பக்கமும் வைங்கம்மா, ரெண்டும் ஒண்ணா இருக்கணும்லா"ன்னா பிள்ளை. அப்பத்தான் அழுதா.

கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி, நீங்க இடிச்ச மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கம்மா. தபால் கொண்டுக்கிட்டுத் தானா ராத்தா டவுனுக்குப் போற வேன் ஹாரன் அடிக்குது. இந்தத் தாள்ல பாதிதான் எழுதியிருக்கேன். மறுபாதியில உங்க கையால எழுதி, இதையே திருப்பி அனுப்புங்க.

ஜெனட்