பிரெஞ்சு அமைச்சராக நான் பேசலாமா, அப்பா?

அன்புள்ள அப்பாவுக்கு,

கெஞ்சிக் கேட்கிறேன், இந்த மெயிலை யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்கும் வேண்டாம், உடனே பெரியம்மாவை அழைத்துவிடுவார். உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நாளை வகுப்பில் ஐ.நா. சபையை நடித்துக் காட்டுகிறோம். எனக்கு வந்தது ஒரு பிரெஞ்சுக்காரரின் வேடம். வாஷிங்டனிலும் நம் டெல்லியிலும் தூதரக அதிகாரியாக இருந்தவர். பிறகு வெளியுறவு அமைச்சராகி, பிரதமராகவும் ஆனார். ஈராக் போர் வேண்டாம் என்று அவர் அமெரிக்காவை எதிர்த்துப் பேசியதை நான் பேச வேண்டும். இரவு சாப்பிடும்போது பேசிக் காட்டினேன். பெரியப்பா பாதித் தோசையில் எழுந்துவிட்டார்.

"யாராச்சும் வீடியோ எடுத்துப் போட்டா என்ன பண்ணுவே? நீ இங்க பொறந்தவ, உனக்கு ஒண்ணும் ஆகாது. எங்க கிரீன் கார்டு பெண்டிங்ல கெடக்கு, கண்ணு. காய்ச்சல்னு லீவ் போட்டுரு."

"பெரியப்பா, இட்ஸ் ஜஸ்ட் கிளாஸ்!"

"உங்கப்பனும் வேலைக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னான்."

அப்புறம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வேலையோடு விசாவும் போய் நீங்கள் ஈரோட்டுக்குத் திரும்பினீர்கள். என்னால் இவர்களும் கிளம்ப நேர்ந்தால் நான் யாரோடு இருப்பேன்? ஆனாலும் பேச ஆசையாக இருக்கிறது அப்பா. அங்கே பகல்தானே, பேசட்டுமா என்று உடனே சொல்லுங்கள். எழுத வேண்டாம், உங்கள் குரலில் அனுப்புங்கள். யாராவது இங்கே அமெரிக்காவில் பேர்லேண்ட் பக்கம் வந்தால் அம்மா காய்ச்சும் தலை எண்ணெயும் கொடுத்துவிடுங்கள்.

பெரியப்பா கதவைத் தட்டுகிறார்.

"வெண்பா, தூங்கு கண்ணு. ஸ்கூலுக்கு நானே மெயில் போட்டுட்டேன், உனக்குக் காய்ச்சல்னு."

அப்பா, நான்...